கள்ளிக்குப்பம் கிளைக் கணினியின் பதவி உயர்வு

கள்ளிக்குப்பம் கிளையில் நாற்காலிக்குப் பஞ்சமில்லை, உட்காரத்தான் ஆளில்லை. கீழே மாவு மில், மேலே மேலைப் புறநகர் அனைத்துப் பணியாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கிளை. ஒரு காலத்தில் மேலாளர், காசாளர், எழுத்தர், உதவியாளர் என்று அறை கொள்ளாத மனிதர்கள் இருந்தார்கள். ஒவ்வொருவராக ஓய்வு பெற்றார்கள். ஓய்வு பெற்றவரின் இடத்தை நிரப்பலாமா என்று பூந்தமல்லித் தலைமையகம் பரிசீலித்தது. பரிசீலித்து முடிப்பதற்குள் அடுத்தவர் ஓய்வு பெற்றார். சங்கம் அவசரப்படாத சங்கம். கடைசியில் மிஞ்சியவர் தட்டச்சர் ஞானகுமாரி.

திருநின்றவூரில் ரயில் ஏறி, அம்பத்தூரில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து வந்து, பூட்டைத் திறந்து, மின்விசிறியைப் போட்டுவிட்டு உட்காருவார். மதியம் டிபன் டப்பாவைத் திறக்கும்போது, "சாப்பிடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். யாரிடம் சொன்னார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. தெற்கே நாசரேத் பக்கத்து வளர்ப்பு அப்படி. எதிரே காசாளரின் காலி நாற்காலி இருக்கும், அது சாப்பிடாது.

வீட்டிலும் இதே கதைதான். கணவர் செபாஸ்டியன் ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவர் போன பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு திருநின்றவூர் வந்தாயிற்று. மகள் ஃபெபி புனேயில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கூப்பிடுவாள். "நல்லா இருக்கியாம்மா? சரி வெச்சிடட்டா?" என்ற இரண்டு கேள்விக்கும் நடுவில் பதில் சொல்லிவிட வேண்டும்.

'கிளைக்கு இன்னும் ஒரு பணியாளரை நியமிக்க வேண்டுதல்' என்று ஞானகுமாரி வருடந்தோறும் மனு அனுப்புவார். 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று வருடந்தோறும் பதில் வரும். அந்தப் பதிலைக் கொண்டு வருகிற தபால்காரர்தான் பல மாதங்களில் கிளைக்கு வருகிற ஒரே மனிதர்.

இந்த நிலையில்தான் கணினி ஒருநாள் காலை திரையில் ஓர் அறிவிப்பைக் காட்டியது. தன்னை இயக்கும் மென்பொருளின் பத்தாம் பதிப்பை இனி யாரும் கவனிக்கப் போவதில்லை, பாதுகாப்புக்கு யாரும் பொறுப்பில்லை, பதினொன்றுக்கு மாறிக்கொள்ளவும் என்றது. கவனிக்க ஆளில்லாமல் போவது என்றால் என்ன என்று ஞானகுமாரிக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

தலைமையகத்துக்கு எழுதினார். அங்கேதான் வினை. சங்கக் கடிதங்களில் அந்நியச் சொல் புழங்கக் கூடாது என்பது சங்கத்தின் கண்டிப்பான விதி. 'ஃபேன் ஓடவில்லை' என்று எழுதியவருக்கு, 'மின்விசிறி என்க' என்று கடிதம் திரும்பி வந்தது; மின்விசிறி என்று எழுதியனுப்பிய பிறகும் ஃபேன் ஓடவில்லை, அது வேறு. ஆகவே ஞானகுமாரி யோசித்து யோசித்து, ஒரு குறையும் சொல்ல முடியாத தமிழில் தட்டினார்: 'இக்கிளைக் கணினி தற்போது பத்தாம் நிலையில் உள்ளது. அதனைப் பதினொன்றாம் நிலைக்குத் தரம் உயர்த்தித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.'

'அப்கிரேட்' என்று கொச்சையாக எழுதியிருந்தால் கடிதம் பழுதுபார்ப்புப் பிரிவுக்குப் போயிருக்கும். யாரோ ஒரு பையன் பென் டிரைவோடு வந்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போயிருப்பான். ஆனால் தபாலைப் பிரித்தவர் 'நிலை' என்ற சொல்லைப் பார்த்தார், 'தரம் உயர்த்தி' என்பதைப் பார்த்தார், 'பணிவுடன்' என்பதையும் பார்த்தார். வேறு என்ன வேண்டும்? பதவி உயர்வுகளைக் கவனிக்கும் பணியமைப்புப் பிரிவுக்குத் தள்ளிவிட்டார்.

அந்தப் பிரிவின் கண்காணிப்பாளர் ஹேமநாதன் பதில் அனுப்பினார். 'பத்தாம் நிலையில் பணிபுரியும் திரு. கணினி என்பாரின் பதவி உயர்வு குறித்து, அன்னாரின் பிறந்த தேதிச் சான்று, சாதிச் சான்று, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் நிலுவையில் இல்லை என்ற சான்று ஆகியவற்றை உடன் அனுப்புக.'

ஞானகுமாரி தொலைபேசியை எடுத்தார்.

"சார், கள்ளிக்குப்பத்துல இருந்து ஞானகுமாரி பேசுதேன். அது ஆள் இல்ல சார். கம்ப்யூட்டரு."

"எனக்குத் தெரியாதாம்மா? ஆனா ஃபைலுக்குத் தெரியாதே!" என்றார் ஹேமநாதன். நேர்ப்பேச்சில் அவர் அந்நியச் சொல் விதியைப் பொருட்படுத்துவதில்லை. "ஃபைல் போட்டாச்சு. நம்பர் குடுத்தாச்சு. நம்பர் போட்ட ஃபைலை மூடணும்னா, ஒண்ணு பதவி உயர்வு குடுத்திருக்கணும், இல்லேன்னா ஆள் இறந்திருக்கணும். உங்களுக்கு எது வசதி?"

"யாராவது ஒரு ஆள் வந்து பாத்துட்டுப் போனா போதும் சார்."

"ஆளா? அட, உங்களுக்கு விஷயமே புரியலையே! பத்தாம் நிலையில இருக்கறவர் பதினொண்ணுக்குப் போயிட்டா, பத்து காலி. காலியானா நிரப்பியே ஆகணும். நீங்க வருஷா வருஷம் மனு போடறீங்களே, அதுக்குப் பரிசீலனைதான். ஆனா பதவி உயர்வால காலியாகுற இடத்துக்குப் பரிசீலனையே கிடையாது. முப்பது நாளைக்குள்ள நிரப்பணும். விதி!"

ஞானகுமாரி ரிசீவரை வைத்துவிட்டுக் காசாளரின் நாற்காலியைப் பார்த்தார். பிறகு ஒரு துணியை நனைத்துக்கொண்டு வந்து அதைத் துடைத்தார். அன்றிலிருந்து, கணினி ஆள் இல்லை என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பிறந்த தேதிக்குக் கடை ரசீதை அனுப்பினார், ஏற்றார்கள். சாதி என்ற இடத்தில் 'பொருந்தாது' என்று போட்டார். 'பொருந்தாது என்னும் சாதி அரசுப் பட்டியலில் இல்லை' என்று திரும்பி வந்தது. 'இதர' என்று மாற்றினார், ஏற்றார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கடைக்காரரைக் கேட்டதில், இந்தப் பழைய பெட்டிக்கு நினைவகம் பத்தாது, பதினொன்று இதில் ஏறவே ஏறாது என்றார். மனசாட்சிக்குப் பயந்து அதையும் தலைமையகத்துக்குத் தெரிவித்தார். 'நினைவாற்றல் குறைவு, தகுதியின்மை ஆகிய காரணங்களால் இச்சங்கத்தில் இதுவரை எவருக்கும் பதவி உயர்வு மறுக்கப்பட்டதில்லை' என்று பெருமையோடு பதில் வந்தது.

எல்லாம் கூடி வருகிற நேரத்தில் மேசைத் தொலைபேசி அடித்தது. அது அடிக்கும் என்பதையே மறந்திருந்த ஞானகுமாரி ஒரு கணம் மாவு மில்லில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தார்.

"அலோ, கள்ளிக்குப்பமா? வேப்பம்பட்டு கிளைலேர்ந்து புஷ்பா பேசறேன். இன்னா மேடம், நைசா உன் கம்ப்யூட்டர மேல ஏத்தி வுடப் பாக்குறியாமே?"

"யாரும்மா நீங்க? மரியாதையாப் பேசுங்க."

"மரியாத அப்பால வெச்சிக்கலாம். என்னுது உன்னுத்துக்கு முன்னாடி வாங்கினது. சீனியரு இங்க குந்திகினு கீது, ஜூனியரு மேல போவுமா? ஆட்சேபண எழுதிப் போட்டுட்டேன், தெர்தா?"

"உங்கது எத்தனாம் நிலை?"

"ஏழு."

"ஏழு எட்டுக்குல்லா போகணும்? பத்துல இருக்கதத் தடுக்க நீங்க யாரு?"

"எட்டு யாருக்குமே புடிக்கல மேடம், அத்த வுட்டுட்டானுங்க. ஒம்போது வரவே இல்ல. ஏழுலேர்ந்து ஒரே தாவு, பத்துதான். உன்னுது மட்டும் ஒம்போதுல வேல பாத்துட்டா பத்துக்கு வந்துது? கேட்டுச் சொல்லு!"

அந்தக் கேள்வியைப் புஷ்பா ஆட்சேபணையிலும் எழுதியிருந்தாள். நாலாம் நாள் கணினியின் பெயருக்கே குறிப்பாணை வந்துவிட்டது. 'ஒன்பதாம் நிலையில் ஒரு நாளும் பணியாற்றாமல் தாங்கள் பத்தாம் நிலைக்கு வந்தது எவ்வாறு? தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?' ஞானகுமாரி அதைத் திரைக்கு முன்னால் வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கணினியும் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு வேப்பம்பட்டுக்குப் போன் போட்டார். "நல்லா இருப்பீங்களா நீங்க? இதுக்கு நான் என்னன்னு பதில் எழுதுவேன்? இது மேல போனாத்தான் இங்க ஒரு ஆள் போடுவாங்க. நான் ஒத்தையில கெடக்கேன்."



"நீயும் ஒண்டியாவா கீற?" என்றாள் புஷ்பா.

"ஆமா."

"இங்க நானும் ஒரு பல்லியும். சனிக்கெயம பல்லி கூட வர்றதில்ல. அதுக்குத்தான் நானும் எழுதிப் போட்டேன். ஒரு ஆள் வந்தா டீ குடிக்கப் போவச்சொல்ல கதவப் பூட்ட வேணாம் பாரு."

அன்று இருவருமாகச் சேர்ந்து கணினிக்காக ஒரு விளக்கம் எழுதினார்கள். புஷ்பா சொல்லச் சொல்ல ஞானகுமாரி சங்கத் தமிழாக்கினார். "அந்த எயவு வேலய யாருக்கும் குடுக்கலன்னு எழுது" என்பது, 'ஒன்பதாம் நிலை எவருக்கும் வழங்கப்படாத காரணத்தால் யான் அதனைக் கோரவில்லை' என்றாயிற்று. கோராமல் இருந்த பண்பைப் பாராட்டி, கணினியின் பணிப்பதிவேட்டில் நற்குறிப்பு ஏற்றப்பட்டது.

சொந்தப் பேச்சுக்கு அலுவலகத் தொலைபேசியைப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. ஆகவே மறுநாளிலிருந்து புஷ்பா கூப்பிட்டதும் கோப்பு எண்ணைச் சொல்வாள். "ஆட்சேபண சம்பந்தமா பேசறேன்" என்பாள். பிறகு, "இன்னா கொயம்பு?" என்பாள்.

"புளிக்கறி வச்சேன். நீங்க?"

"கருவாடு. வாட வருதா அங்க?"

மதியம் இரண்டு மேசைகளிலும் ரிசீவர்கள் டப்பாவுக்குப் பக்கத்தில் படுத்திருக்கும். ஞானகுமாரி "சாப்பிடுங்க" என்பார். "நீயும் துன்னு மேடம்" என்று ரிசீவருக்குள்ளிருந்து குரல் வரும். ஞானகுமாரியின் பேச்சைப் புஷ்பா கிண்டல் செய்வாள். "சொல்லுதேன், போறேம்லா... எந்த ஊரு பாஷ மேடம் இது? தமிழ்ல பேசு!" யார் தமிழ் தமிழ் என்பதில் ஒரு வாரம் சண்டை நடந்தது. சண்டை போட ஆள் கிடைத்தது கர்த்தர் கிருபை என்று ஞானகுமாரி ராத்திரி ஜெபத்தில் சொல்லிக்கொண்டார்.

இருவரும் பார்த்துக்கொண்டதில்லை. திருநின்றவூருக்கு அடுத்த ஸ்டேஷன்தான் வேப்பம்பட்டு. ஆனாலும் ஞானகுமாரி திருநின்றவூரைத் தாண்டிப் போனதே இல்லை. "ஒரு நா ஊட்டுக்கு வாயேன்" என்பாள் புஷ்பா. "வாரேன், வாரேன்" என்பார் இவர். செல் நம்பர்கூட வாங்கிக்கொள்ளவில்லை. பக்கத்து மேசைக்காரரிடம் யாராவது செல் நம்பர் கேட்பார்களா?

ஒருநாள் புஷ்பா கோப்பு எண்ணைச் சொல்லாமலே ஆரம்பித்தாள். "ஆட்சேபணய வாபஸ் வாங்கிட்டேன் மேடம். என்னுது ஏழுலயே கெடக்கட்டும். உனக்காவது ஆள் வரட்டும்."

"ஏன் இப்படிச் செஞ்சீங்க?"

"செஞ்சிட்டேன், வுடு. ஆள் வந்தப்பால என்னிய மறந்துருவ. அத்த மட்டும் இப்பவே சொல்லிக்கிறேன்."

"மறப்பேனா புஷ்பா?" முதல் தடவையாக 'அம்மா' விகுதி இல்லாமல் கூப்பிட்டார்.

தேர்வுக் குழு ஜீப்பில் வந்தது. சங்கத்தின் தனி அலுவலரும் ஹேமநாதனும் மாடியேறி வந்து, கணினிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அந்த நாற்காலிகளில் மனிதர் உட்கார்ந்ததைப் பார்த்ததுமே ஞானகுமாரிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஓடிப்போய் பிஸ்கட் வாங்கி வந்தார்.

"சங்கத்தின் நோக்கங்கள் யாவை?" என்று தனி அலுவலர் திரையிடம் கேட்டார்.

திரையில் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது.

"யோசிக்கிறார் சார்" என்றார் ஹேமநாதன்.

"நம்ம ஸ்டாஃப்ல யோசிக்கிற ஒருத்தரைப் பார்த்து எத்தனை காலம் ஆச்சு! எனக்கும் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாதுன்னு புரிஞ்சுக்கிட்டு, பெரியவங்க முன்னால வாயைத் திறக்காம இருக்கார் பாருங்க. அந்தப் பண்பு ஒண்ணு போதும்" என்றார் தனி அலுவலர்.

முழு மதிப்பெண் கிடைத்தது. பதினொன்றாம் நிலைக்குப் பதவி உயர்வு. பதவி உயர்வென்றால் இடமாற்றமும் உண்டு என்பதால் பூந்தமல்லித் தலைமையகத்துக்கு மாற்றம். பிரிவுபசார விழாவும் கள்ளிக்குப்பத்திலேயே நடந்தது. திரைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஜாங்கிரி, மிக்சர், டீ எல்லாம் வந்தன. தனி அலுவலர் பேசினார்.

"இவரைப் போல ஓர் ஊழியரை நான் கண்டதில்லை. விடுப்பு எடுத்ததில்லை. ஊதிய உயர்வு கேட்டதில்லை. அணைத்தால் அணைவார், போட்டால் எரிவார். இதைவிட ஒரு நிர்வாகத்துக்கு என்ன வேண்டும்? சிலர் இருக்கிறார்கள், தனியாக இருக்கிறேன், துணைக்கு ஆள் வேண்டும் என்று வருடா வருடம் மனு. இவர் தனியாக இல்லையா? இந்த அறையில் இத்தனை வருடம் ஒற்றை ஆளாக இருந்து கிளையைக் காப்பாற்றவில்லையா? எதிரே ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார் என்று கண்காணிப்பாளர் சொன்னார். இருக்கலாம். நிர்வாகம் அதையெல்லாம் கவனிப்பதில்லை."

டிரைவரும் ஹேமநாதனும் கைதட்டினார்கள். ஞானகுமாரியும் தட்டினார். பழக்கம்.

கணினியை ஜீப்பின் முன் இருக்கையில் வைத்துக்கொண்டு போனார்கள். பூந்தமல்லியில் அதற்குள் பதினொன்று ஏறவே இல்லை என்பது பிறகு தெரிந்தது. ஆனால் பதவியைப் பறிக்க விதியில் இடமில்லை. அதனால் சரக்கறையில், பெருக்குமாறுகளுக்குப் பக்கத்தில், பதினொன்றாம் நிலை அலுவலராக வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஞானகுமாரி காத்திருந்தார். காலி மேசை, காலி நாற்காலி, காலிப் பணியிடம். வரப்போகிறவர் ஆணா பெண்ணா என்று புஷ்பாவோடு பந்தயம் கட்டினார். "பொண்ணா இருந்தா வம்பு பேசும், ஆம்பளயா இருந்தா பேப்பர் படிக்கும். எதுவா இருந்தாலும் மின்னாடியே சொல்லிரு, உன் டப்பால கை வெக்கக் கூடாதுன்னு" என்றாள் புஷ்பா.

முப்பதாம் நாள் உத்தரவு வந்தது. 'திரு. கணினி அவர்களின் பதவி உயர்வால் காலியான பத்தாம் நிலைப் பணியிடத்துக்கு, அதே கிளையில் பணிமூப்பில் அடுத்ததாக உள்ள தட்டச்சர் திருமதி ஞானகுமாரி பதவி உயர்வு அளிக்கப்பட்டு நியமிக்கப்படுகிறார். இதனால் காலியாகும் தட்டச்சர் பணியிடம் சிக்கனம் கருதி நீக்கப்படுகிறது.'

சர்வீஸில் அவருக்குக் கிடைத்த முதல் பதவி உயர்வு. இரண்டு தடவை படித்துவிட்டுத் தலைமையகத்தைக் கூப்பிட்டார்.

"வாழ்த்துகள்மா!" என்றார் ஹேமநாதன்.

"சார், நான் இனிமே என்ன வேல செய்யணும்?"

"அந்த இடத்துல இருந்தவர் என்ன செஞ்சாரோ, அதேதான்."

"அது சும்மால்லா சார் இருந்துச்சு. நான் தட்டுனாத்தான் வேல செய்யும்."

"அப்ப யாராவது தட்டற வரைக்கும் இருங்க."

"தட்டுறதுக்கு ஆளு?"

"தட்டச்சர் இடத்தைத்தான் எடுத்தாச்சேம்மா. உத்தரவை முழுசாப் படிக்கலையா? ஆங், இன்னொண்ணு. டெலிபோன் தட்டச்சர் பதவிக்குத்தான் அனுமதிச்சது. இன்னிக்கே ஆள் வந்து கழட்டிப்பான். கம்ப்யூட்டருக்கு எதுக்கு டெலிபோன்?"

வைத்துவிட்டு அவசர அவசரமாக வேப்பம்பட்டு எண்ணைச் சுழற்றினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. டீ குடிக்கப் போயிருப்பாள், கதவைப் பூட்டிக்கொண்டு. மறுபடியும் சுழற்றினார். மூன்றாம் தடவை அடித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஒருவர் வந்து நின்றார். கையில் ஸ்க்ரூடிரைவர். இத்தனை வருட மனுக்களுக்குப் பிறகு தலைமையகம் கள்ளிக்குப்பம் கிளைக்கு அனுப்பிய முதல் ஆள் அவர்தான்.

"உக்காருங்க தம்பி, டீ சொல்லுதேன்" என்றார் ஞானகுமாரி.

"டைம் இல்லீங்கம்மா" என்றார் அவர். ஒயரைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

ஞானகுமாரி சும்மா இருந்தார். பத்தாம் நிலையின் வேலை அதுதான். கீழே மில் ஓடியது, நின்றது. மதியம் டப்பாவைத் திறந்தார். ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்துவிட்டார். மாலையில் மின்விசிறியை நிறுத்தினார், விளக்கை அணைத்தார். பத்தாம் நிலையையும் அணைத்துவிட்டுப் போக வேண்டுமா என்பது பற்றி உத்தரவில் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

ரயிலில் வழக்கமான கூட்டம். திருநின்றவூர் வந்ததும் வழக்கம்போல் பின்னாலிருந்து தள்ளினார்கள். "எறங்கும்மா, நடுவுல நின்னுகினு!" என்று ஒரு பெண் கத்தினாள். ஞானகுமாரி கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். கூட்டம் அவரைச் சுற்றி வழிந்து இறங்கியது. ரயில் நகர்ந்தது. அவருடைய ஸ்டேஷன் ஜன்னலில் பின்னால் போவதை அவர் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

வேப்பம்பட்டில் இறங்கி, ஒரு பூக்காரம்மாவிடம் சங்க ஆபீஸுக்கு வழி கேட்டார். "அந்த டீக்கடைக்கு மேல" என்று கை காட்டினார் பூக்காரம்மா. மாடியில் இருட்டாக இருந்தது. பூட்டிவிட்டார்கள். ஞானகுமாரி படிக்கட்டுக்குக் கீழே என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

அப்போது டீக்கடைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. கடைக்காரரிடம் யாரோ நியாயம் பேசிக்கொண்டிருந்தார்கள். கடை விளக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் கண்ணாடி டம்ளரோடு, ஒல்லியான ஓர் அம்மாள். காதோடு ஒட்டிக் கேட்டே பழகிய குரலுக்கு இவ்வளவு சின்ன உருவமா என்று இருந்தது.

"நாலு வாட்டி அடிச்சேன் அண்ணாத்தே. மத்தியானத்துலேர்ந்து எட்க்கவே மாட்டேன்றா. ஆள் வந்துட்டான் போலக்கீது அவளுக்கு. அவன்கூட ஒக்காந்து துன்னுகினு கீறா. நாந்தான் மின்னாடியே சொன்னேன் இல்ல, ஆள் வந்துட்டா மறந்துருவான்னு?"

ஞானகுமாரி கடைப் படியில் ஏறி, அவளுக்குப் பின்னால் போய் நின்றார்.

"யாரும் வரல புஷ்பா" என்றார். "நான்தான் வந்திருக்கேன்."